ஆலை வாசலில் விட்டுச் செல்லும் கைப்பேசி

ஒசூர் சிப்காட் பகுதியில் காலை ஷிப்ட் தொடங்கும் வேளையில் நின்று பார்த்தவர்கள் அறிவர். வேலைத்தளத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லாத ஆலைகள் இங்குண்டு. கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கும் நம் பிள்ளைகள் அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே செல்கின்றனர். எட்டு மணி நேரம் அது இல்லாமலேயே கழிகிறது. யாரும் மயங்கி விழுவதில்லை.

அதே பிள்ளைகள்தாம் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பத்து நிமிடம்கூட அதை விட்டு இருக்க முடியவில்லை" என்கின்றனர்.

நம்மிடம் ஹிஃப்ழ் முடித்த மாணவர் ஒருவர் இப்போது ஆலைப் பணியில் இருக்கிறார். சென்ற ரமளானுக்கு முன் வந்து, "இவ்வருடம் தராவீஹ் தொழவைக்க என்னால் இயலாது" என்றார். நாளொரு ஜுஸ்வு ஓதி மனனத்தைப் புதுப்பிக்க நிய்யத் வைத்தவர், மூன்று வாரத்தில் நான்காம் ஜுஸ்வைத் தாண்டவில்லை. கைப்பேசியில்தான் குர்ஆனைத் திறப்பாராம். மேலே ஒரு செய்தி வரும், அதிலிருந்து ரீல்ஸ். இஷா பாங்கு கேட்கும்போது இரண்டு பக்கம் முடிந்திருக்கும். கயிறு அவிழ்ந்த ஒட்டகத்தைவிட விரைவாகக் குர்ஆன் நெஞ்சைவிட்டு நழுவும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அவருக்கு நாம் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

கடிந்துகொள்ள நமக்கும் தகுதியில்லை. ஒரு நாள் சபக் கேட்டுக்கொண்டே நாம் கைப்பேசியைப் பார்த்திருந்தோம். சிறுவன் ஓரிடத்தில் பிழையாக ஓதினான், நாம் கவனிக்கவில்லை. சற்று நிறுத்தி, நம் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே திருத்தி ஓதினான். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மனஉறுதிக் குறைவு மட்டுமே இதற்குக் காரணமன்று. திரையில் பக்கத்துக்கு முடிவே இல்லாதபடி உருட்டிக்கொண்டே போகும் முறையை 2006-இல் வடிவமைத்த அசா ராஸ்கின் என்பவரே பின்னர் அதற்காக வருந்தினார். நிறுத்தத் தோன்றும் இடத்தை அகற்றிவிட்டார்கள். நம் முஸ்ஹஃபின் ஓரத்திலோ ருகூஉக் குறி இருக்கிறது. இங்கே நிறுத்தலாம் என்று அது சொல்கிறது. (நம் பகுதியின் வீட்டு உருது, தெருத் தமிழ், கன்னடம், தெலுங்கு என நான்கிலும் ரீல்ஸ் வருகிறது, ஒன்றில் சலித்தால் அடுத்தது.)

எனவே ஆலை செய்வதையே வீட்டிலும் செய்வோம். மக்ரிப் பாங்கு கேட்டதும் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே டப்பாவுக்குள். அத்தாவுடையது முதலில், அதில்லாமல் பிள்ளைகளிடம் கேட்க நமக்கு வாயில்லை. சூப்பர்வைசர் அழைத்தால் மணியோசை கேட்கத்தான் செய்யும். ஓதுவது அச்சிட்ட முஸ்ஹஃபில்.

இலக்கையும் கடிகாரத்தோடு கட்டாமல் தொழுகையோடு கட்டுங்கள். ஷிப்ட் வாரந்தோறும் மாறும். ஐவேளைக் கடமை மாறாது. ஒவ்வொரு ஃபர்ளுக்குப் பின்னும் ஒரு பக்கம் என்றால் நாளுக்கு ஐந்து. 604 பக்க முஸ்ஹஃப் ஏறக்குறைய நான்கு மாதத்தில் முடியும். சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது.

அந்த மாணவர் இப்போது தம் கைப்பேசியை மக்ரிபில் தாயாரிடம் ஒப்படைக்கிறார். பதினோராம் ஜுஸ்வில் இருக்கிறார். சென்ற வாரம் இரண்டு நாள் தவறிவிட்டதென்று அவரே வந்து சொன்னார். வரும் ரமளானில் முதல் பத்து நாள் மட்டுமாவது தொழவைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஷஃபானில் ஓதிக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.