மிரண்டது யார்?

"பார்த்தீரா ஸார், இன்னொரு ஸ்டாம்பீட்!" என்று ஆங்கிலப் பத்திரிகையைக் காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் போட்டார் நண்பர். "நம் ஜனங்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது. மிரண்ட மாடு மாதிரி ஓடி, ஒருவரையொருவர் மிதித்துச் சாகிறார்கள்."

வாங்கிப் படித்தேன். யாரும் ஓடியதாகச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. ஓட இடமிருந்தால் அல்லவா ஓடுவதற்கு! நின்ற இடத்திலேயே மூச்சு முட்டிச் செத்திருக்கிறார்கள். தலைப்பில் மட்டும் அந்தச் சொல் இருந்தது. நண்பர் தலைப்பைத்தான் படித்திருந்தார்.

அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

மெக்ஸிகோவில் வழங்கிய ஸ்பானிஷ் மொழியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்துக்குள் வந்த சொல் அது. மேய்ச்சல் வெளியில் மாட்டு மந்தையோ குதிரைக் கூட்டமோ திடீரென்று மிரண்டு தறிகெட்டு ஓடுவதற்கு அந்தப் பெயர். மாட்டுக்குப் பொருத்தமான சொல்தான். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மனிதப் பிணங்களின்மேல் அதை எழுதி ஒட்டும்போது, விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகி விடுகிறது. மந்தை மிரண்டது, மந்தை செத்தது. அப்புறம் யாரைக் கேட்பது?

கூட்டம் எப்படிக் கொல்கிறது என்பதை ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் என்று அடைந்துவிட்டால், கூட்டம் தண்ணீரைப் போல அசையத் தொடங்கும். அதற்குள் அகப்பட்டவன் தன் காலால் நடப்பதில்லை. அலைதான் அவனைத் தள்ளிக்கொண்டு போகிறது. இரும்புக் கம்பிகூட வளைந்துவிடும். நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்தே பெரும்பாலோர் சாகிறார்கள், மிதிபட்டு அல்ல. பின்னால் நிற்பவனுக்கோ முன்னால் நடக்கும் கோரம் தெரிவதேயில்லை.

"நம் ஜனங்கள்" என்றாரே நண்பர்! வரிசையில் நிற்பதையே நாகரிகமாகக் கொண்ட இங்கிலாந்தில், ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில், 1989 ஏப்ரல் 15 அன்று கால்பந்து பார்க்க வந்தவர்கள் நெரிபட்டார்கள். மாண்டவர்கள் மொத்தம் 97 பேர். ரசிகர்களின் குடியும் முரட்டுத்தனமுமே காரணம் என்று பழி சுமத்தினார்கள். 27 ஆண்டுகள் கழித்து, 2016-இல், மரண விசாரணை ஜூரிகள் சொன்னார்கள்: ரசிகர்கள்மீது குற்றமில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள். போலீஸார் பெரிய கதவொன்றைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே நிரம்பி வழிந்த பகுதிக்குப் போகும் வழியை அடைக்காமல் விட்டிருந்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். சென்னை எம்.ஜி.ஆர். நகரில் 2005 டிசம்பர் 18 அன்று, விடியுமுன்னே, வெள்ள நிவாரணம் வாங்கப் பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றவர்களில் 42 பேர் மாண்டார்கள். மழையால் பிழைப்பு கெட்டு வந்து நின்ற ஏழைகள். அவர்களை மந்தை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நம்மிடம் 'நெரிசல்' என்று ஒரு சொல் இருக்கிறது. கழுத்தை நெரித்தான் என்கிறோமே, அந்த நெரிதான். யாரையும் ஏசாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிற சொல். அதைச் சொன்ன மாத்திரத்தில் கேள்வியும் கூடவே பிறக்கிறது: இத்தனை பேரை இந்தச் சின்ன வாசலில் நிற்க வைத்தது யார்? வெளியே போக வழி எங்கே? ஆனால் தமிழ் எழுதுகிற நாமும் யோக்கியர்கள் என்று மார்தட்ட வேண்டாம். 'நெரிசல்' என்று தலைப்புப் போட்டுவிட்டு, கண்ணால் காணாத ஒன்றை, 'முண்டியடித்துக்கொண்டு ஓடினர்' என்று கீழே எழுதுகிறவர்கள்தாமே நாம்!

கூட்டம் பயந்து ஓடியதே இல்லையா என்று கேட்கலாம். ஓடியதுண்டு. ஓடுகிறவனுக்கு வழி திறந்திருந்தால் அவன் வீடு போய்ச் சேர்ந்திருப்பான். வழி வைக்காதவர் யார் என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "ஒரு வார்த்தைக்கா ஸார் இத்தனை கோபம்?" என்றார் நண்பர்.

ஆமாம். செத்தவன் தனக்காக வந்து வாதாட மாட்டான். அவனைப் பற்றி நாம் எழுதுகிற அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்கு வக்கீல்.