எதிர்பாராத கூட்டமாம்!

செய்தித்தாள் அலுவலகத்தில் நீண்ட காலம் பிறர் எழுதிய அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருந்தவனுக்குச் சில வாக்கியங்கள் மீது தீராத ஐயம் வந்துவிடுகிறது. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்பது அவற்றுள் ஒன்று. "விசாரணைகள் நடைபெற்று வருகின்றன" என்பது இன்னொன்று. அந்த வரிசையில் இப்பொழுது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கின்றது: "எதிர்பாராத அளவில் வாடிக்கையாளர்கள் வருகை தந்தமையால் எமது இணையத்தளம் தற்காலிகமாகச் செயலிழந்துள்ளது."

இணையக் கடைகள் தமது மலிவு விற்பனை நாட்களில் வெளியிடும் இந்த அறிவித்தலை மன்னிப்புக் கோரல் என்று ஏற்க நான் தயாரில்லை. தமக்கு எத்துணை செல்வாக்கு இருக்கின்றது பாருங்கள் என்று சொல்லும் தற்புகழ்ச்சி அது. குற்றத்தை மெல்ல வாடிக்கையாளனின் தலையில் இறக்கிவைக்கும் தந்திரமும் அதிலே உண்டு.

இந்தியாவில் நடந்த ஒன்றை நினைவுபடுத்துகின்றேன். 2014 ஒக்டோபர் 6ஆம் திகதி பிளிப்கார்ட் நிறுவனம் 'பிக் பில்லியன் டே' என்ற ஒருநாள் விற்பனையை நடத்தியது. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. நாடே காலையில் கணினியின் முன்னால் அமர்ந்தது. தளம் திணறியது, பக்கங்கள் திறக்க மறுத்தன, கூடையில் இட்ட பொருள்கள் தீர்ந்துபோயின, உறுதி செய்யப்பட்ட கட்டளைகள் சில பின்னர் இரத்தாயின. மறுநாள் நிறுவுநர்களான சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள். இருபது மடங்கு கூட்டத்துக்கு ஆயத்தமாக ஏறத்தாழ 5,000 வழங்கிகளை நிறுவியிருந்ததாகவும், வந்த கூட்டம் அதனையும் மிஞ்சிவிட்டதாகவும் அதில் எழுதியிருந்தார்கள். பத்து மணித்தியாலங்களில் 10 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான விற்பனை நடந்ததென்ற பெருமிதமும் அந்த நாட்களிலேயே வெளிவந்தது.

நேரடியாகக் கடிதம் எழுதிப் பிழையை ஒப்புக்கொண்டதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் கேட்கின்றேன்: நூறு கோடி என்று விற்பனைக்குப் பெயர் சூட்டியவர்களே கூட்டம் கூடிவிட்டது என்று வியப்படையலாமா? ஊருக்கெல்லாம் அழைப்பிதழ் அனுப்பிவிட்டு, பந்தியில் இலை போதவில்லை, இத்தனை பேர் வருவார்கள் என்று நினைக்கவில்லை என்று கல்யாண வீட்டார் கூறினால் உறவினர் விடுவார்களா?

இதனை அறிவதற்குப் புதிய விஞ்ஞானம் ஏதும் வேண்டியதில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர், தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைக் கணக்கிடும் வழியை 1909இலேயே எழுதத் தொடங்கிவிட்டார். அவர் வழிவந்த வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய கணக்கு இது. ஒருவர் மட்டும் பணிபுரியும் ஒரு சாளரம் தனது நேரத்தில் பாதியளவு வேலையாக இருந்தால், வருபவர் வரிசையில் நின்று வேலையை முடித்துச் செல்லச் சராசரியாக வழமையான நேரத்தின் இரு மடங்கு ஆகும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலையாக இருந்தால் பத்து மடங்கு. தொண்ணூற்றைந்து ஆனால் இருபது மடங்கு. கூட்டம் சிறிது கூட, காத்திருப்பு மலைபோல் உயர்கின்றது. பக்கம் திறக்காதபோது மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. மீண்டும் மீண்டும் சொடுக்குகின்றார்கள். ஒருவர் ஐவராகின்றார். தளம் படுத்துவிடுகின்றது.

சுமைச் சோதனை என்பது இந்த நெரிசலை முன்கூட்டியே செயற்கையாக உண்டாக்கிப் பார்ப்பதுதான். ஆயிரக்கணக்கான போலிப் பாவனையாளர்களைக் கணினி நிரலே உருவாக்கித் தளத்தினுள் அனுப்பும். அப்பாச்சி ஜேமீற்றர் போன்ற மென்பொருள்கள் இதற்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே கருவி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இல்லாதது மனமும் நேரமும். விற்பனைக்கு முதல்நாள் இரவு முகப்புப் பக்கத்தை மட்டும் சோதித்து, "எல்லாம் சரி" என்று அறிக்கை எழுதுவதைச் சோதனை என்று அழைக்கக்கூடாது. பொருளைத் தேடி, கூடையிலிட்டு, முகவரி எழுதி, வங்கி அட்டையால் பணம் செலுத்தும் வரை முழு வழியையும் சோதிக்க வேண்டும். கடை முறிவது பெரும்பாலும் வாசலில் அன்று. ஒரே பொருளின் கையிருப்புக் கணக்கை ஆயிரம் பேர் ஒரே நொடியில் மாற்ற முயலும் தரவுத்தளத்திலும், பணம் பெறும் இடத்திலுந்தான்.

சராசரி என்ற மாயையும் இங்கு உண்டு. 99 பேருக்குப் பக்கம் ஒரு வினாடியில் திறக்கின்றது. நூறாவது ஆளுக்கு 101 வினாடிகள். சராசரி இரண்டே வினாடி! முகாமையாளர் மகிழ்கின்றார். அந்த நூறாவது மனிதன் யார் என்று அவர் கேட்பதில்லை.

வழங்கிகளை வாங்கிக் குவித்தாற் போதும் என்பாரும் உளர். உலகுக்கே வழங்கிகளை வாடகைக்கு விடும் அமேசன், 2018 ஜூலை 16ஆம் திகதி தனது பிரைம் டே விற்பனை தொடங்கியவுடனேயே தடுமாறி, வாடிக்கையாளர்களுக்கு நாய்ப் படங்களுடன் மன்னிப்புப் பக்கத்தைக் காட்டியதே! ஆகையால் முறியும் எல்லை எதுவென்று அறிவதும், அந்த எல்லை வந்தால் எவ்வாறு நேர்மையாக நடந்துகொள்வது என்று முன்பே தீர்மானிப்பதும் வழங்கிகளின் எண்ணிக்கையை விட முக்கியம்.

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, கொழும்பிலே என் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் வாங்க ஓர் இணையக் கடையை நாடினேன். கீழ்வீட்டு ஆச்சிக்குப் பால்மாவும் சேர்த்து மூன்று தடவை கூடையை நிரப்பினேன். இரண்டு தடவை பணம் செலுத்தும் இடத்தில் பக்கம் உறைந்தது. மூன்றாம் தடவை வங்கியிலிருந்து பணம் போய்விட்டதாகக் கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்தது; கடையில் கட்டளை பதிவாகவேயில்லை. பணம் திரும்பி வர வாரங்கள் சென்றன. ஆச்சி தினமும் வாசலில் நின்று, "தம்பி, பால்மா வந்திட்டுதே?" என்று கேட்பார். அவருக்குத் தரவுத்தளத்தைப் பற்றி நான் என்ன சொல்வது?

நியாயமாகச் சொன்னால் அந்தக் கடைமீது எனக்கு அத்தனை கோபமில்லை. ஊரடங்கை அவர்கள் விளம்பரம் செய்து வரவழைக்கவில்லை. அந்தக் கூட்டம் உண்மையிலேயே எதிர்பாராதது. எனினும் "இன்று இவ்வளவு பேருக்குத்தான் வழங்க முடியும், நாளை வாருங்கள்" என்று வாசலிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். கட்டளை பதிவாகாமற் பணத்தை எடுக்காதிருக்க வழி செய்திருக்கலாம். வரிசையில் நிறுத்துவது அவமானமன்று. உள்ளே விட்டுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு கதவைச் சாத்துவதே அவமானம். எதிர்பாராத கூட்டத்துக்கே இந்த நேர்மை தேவையென்றால், தாமே பறையறைந்து கூட்டிய கூட்டத்துக்கு எத்துணை பொறுப்பு வேண்டும்!

எம் இனமாகிய பத்திரிகையாளருக்கும் இதில் பங்குண்டு. தளம் முறிந்த செய்தியை "மக்கள் வெள்ளத்தில் திணறியது" என்று தலைப்பிட்டு வெற்றிச் செய்தியாக்குபவர்கள் நாமே. மேம்பாலம் திறந்த அன்றே இடிந்தால் அவ்வாறு எழுதுவோமா? எத்தனை பேருக்காகச் சோதித்தீர்கள், எதுவரை சோதித்தீர்கள், பணம் இழந்தவர்களுக்கு எப்பொழுது திருப்பிக் கொடுத்தீர்கள் என்ற மூன்று கேள்விகளையாவது கேட்போமா?

நல்லூர்க் கந்தனின் திருவிழா 25 நாட்கள் நடைபெறுகின்றது. கோயிலைச் சுற்றிய வீதிகள் முன்கூட்டியே வாகனங்களுக்கு மூடப்படும். தண்ணீர்ப் பந்தல்கள் எழும். தேரன்று யாழ்ப்பாணமே திரண்டு வரும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். தேர்முட்டியில் நின்று, "எதிர்பாராத கூட்டம், ஆகையால் தேர் இன்று ஓடாது" என்று எவராவது அறிவித்தால் அடியார்கள் என்ன சொல்வார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகின்றேன். அதே வார்த்தைகளை, அடுத்த மலிவு விற்பனை நாளில் உங்கள் கணினித் திரையில் அந்த அறிவித்தல் தோன்றும்போது, கடைக்காரருக்கும் எழுதி அனுப்புங்கள்.