ஏற்ற வறுமையும் சுமத்திய வறுமையும்

கன்னியர் செபத்தோடு நிற்கவேண்டும், காணியும் கடனும் அவர்தம் விடயமன்று என்பார் நம்மிடையே பலர். இக்கூற்று விசுவாசத்தையும் அறியாதது, வன்னியையும் அறியாதது.

1862 இல் ஐரோப்பாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியரும் அவர்வழி வந்தோரும் வறுமையை வார்த்தைப்பாடாகத் தாமே ஏற்றவர்கள். வன்னி மக்கள்மீதோ அது சுமத்தப்பட்டது. நந்திக்கடலையும் வயலையும் நம்பி வாழ்ந்த கேப்பாபுலவு மக்கள், படையினர் பிடித்திருந்த தம் காணிக்காக 2017 இல் தெருவோரத்தில் இரவும் பகலும் அமர்ந்தனர். போரில் ஆண்துணை இழந்த வீடுகளின் கதவை நுண்கடன் நிறுவனங்கள் வாரந்தோறும் தட்டின. வறட்சி மாவட்டப் பெண்களின் ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசே அறிவிக்க நேர்ந்தது.

உலக வறுமை 2030 இல் ஒழியவேண்டுமென 2015 இல் நாட்குறித்தது ஐக்கிய நாடுகள் சபை. அதன் முதல் அளவுகோல் நாளாந்த டொலர்க் கணக்கு. பறிபோன காணி அக்கணக்கில் விழாது. தையல் இயந்திரம் வழங்குவதும் இதற்கு மருந்தன்று. (வழங்குவோர் வழங்கட்டும், அதனை வைத்துத் தைக்க ஒரு வளவு வேண்டாமா?) வளர்ச்சியென்பது பொருட்பெருக்கம் மட்டுமன்று, முழு மனிதனையும் தழுவுவது என்று 1967 இல் எழுதியவர் புரட்சிக்காரரல்லர், பாப்பரசர் ஆறாம் சின்னப்பர்.

தெருவோரப் பெண்களருகே ஓர் அருட்சகோதரி சென்றமர்ந்தால் அரசியலென்று முகஞ்சுளிப்போர், அவர்தம் காணியில் அமர்ந்திருந்தோரை எழும்புமாறு என்றேனும் கேட்டதுண்டா?