வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வேண்டாம்

வாகன விபத்தில் சிக்கிய ஒருவரிடம் எம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "உங்களுக்கு ஒன்றும் இல்லைத்தானே?" என்பதாகும். இரண்டாவது கேள்வி பெரும்பாலும், "எந்தக் கிளினிக்குக்குப் போறியள்? எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார், நல்லாச் செய்து தருவார்" என்பதாக இருக்கிறது. 'நல்லாச் செய்து தருவார்' என்ற அந்தப் பேச்சைப் பற்றியே இக்கட்டுரை.

ஒன்ராறியோவில் விபத்து யாருடைய பிழையாக இருந்தாலும், காயமடைந்தவர் பொதுவாகத் தமது சொந்தக் காப்புறுதி நிறுவனத்திடமே சிகிச்சைச் செலவைப் பெறுகிறார். இது நல்லதொரு ஏற்பாடு. ஆனால் தசைப்பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு போன்ற 'சிறு காயங்கள்' என வகைப்படுத்தப்படுபவற்றுக்கு 2010 செப்டெம்பரில் இருந்து 3,500 டொலர் என்ற உச்சவரம்பு உண்டு. இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மோசடி பெரும்பாலும் மிகச் சாதாரணமாகவே தொடங்குகிறது. விபத்து நடந்த இடத்துக்கு அழைக்காமலே ஓர் இழுவை வாகனம் வருகிறது. அதன் சாரதி ஒரு கிளினிக்கின் அட்டையைத் தருகிறார். அங்கு போனால் அன்பாகத் தமிழில் பேசுகிறார்கள். "அலுவல் எல்லாம் நாங்கள் பார்ப்பம், நீங்கள் இதிலை சைன் வைச்சால் போதும்" என்று நிரப்பப்படாத படிவங்களையும் வரவுப் பதிவேட்டையும் நீட்டுகிறார்கள். நீங்கள் நான்கு நாட்கள் போயிருப்பீர்கள். ஆனால் இருபது நாட்களுக்குரிய கட்டணம் நிறுவனத்துக்குப் போகும். வீட்டுக்கு வராத நடைதாங்கியும் முதுகுப் பட்டியும் கணக்கில் இருக்கும். வாகனத்தில் ஏறியே இராத ஒருவர் 'பயணியாக' முளைப்பதும், விபத்தையே திட்டமிட்டு நடத்துவதும் இதன் அடுத்த படிகள்.

"கொம்பனிக்காரன்ரை காசுதானே, எங்களுக்கு என்ன நட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. முதல் நட்டம் உங்கள் உடம்புக்குத்தான். செய்யாத சிகிச்சைக்கு 3,500 டொலரும் கரைந்துவிட்டால், மூன்று மாதத்தின் பின் கழுத்து நோவு கூடும்போது கையில் எதுவும் மிஞ்சியிராது. அதைவிட, உங்கள் பெயரில் உள்ள கோப்பு நீங்கள் இருபது தடவை சிகிச்சை பெற்றதாகச் சொல்லும். இனி ஒரு காலம் உண்மையாகவே பெரிய விபத்து நேர்ந்தால் அந்தப் பழைய கோப்பு உங்களுக்கு எதிராகப் பேசும். முக்கிய விடயத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னது தெரிய வந்தால் நிறுவனம் கொடுப்பனவுகளை நிறுத்தவும் முடியும். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான்.

இரண்டாவது நட்டம் எல்லோருக்கும். ஒன்ராறியோ அரசு நியமித்த வாகனக் காப்புறுதி மோசடித் தடுப்புக் குழு 2012 நவம்பரில் தனது இறுதி அறிக்கையை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டில் மட்டும் மோசடியின் அளவு 76 கோடி 80 இலட்சம் டொலரில் இருந்து 156 கோடி டொலர் வரை இருக்கலாம் என அதில் மதிப்பிடப்பட்டது. சராசரிக் கட்டணம் ஒன்றில் இது 116 முதல் 236 டொலர் வரை. ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்து வாகனத்துக்குக் கட்டணம் கட்டும் எம் சகோதரியும் இதைச் சேர்த்தே கட்டுகிறார்.

மூன்றாவது நட்டத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. கனடாவின் குற்றவியல் சட்டப்படி 5,000 டொலருக்கு மேற்பட்ட மோசடிக்கு 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்படும் நிரந்தரவதிவாளர் தமது வதிவுரிமையையே இழந்து நாடு கடத்தப்படலாம். இத்தனை துன்பப்பட்டு வந்து சேர்ந்த நாட்டை ஒரு கையொப்பத்துக்காகப் பணயம் வைப்பதா?

வேலையிடத்து மருத்துவக் காப்புறுதியிலும் இதே கதைதான். போடாத மசாஜுக்குப் பற்றுச்சீட்டு, சிகிச்சைச் சப்பாத்து என்ற பெயரில் வேறு பொருள் என்று சிலர் வாங்குகிறார்கள். ரொறன்ரோ போக்குவரத்துச் சபையில் 2014இல் தொடங்கிய இத்தகைய விசாரணையின் விளைவாக 200க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையை இழந்தார்கள் அல்லது விலகிச் சென்றார்கள். நல்ல சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் ஒரு சோடிச் சப்பாத்தோடு போயிற்று.

நேர்மையாகத் தொழில் செய்யும் பிசியோதெரபிஸ்டுகளும் சட்டத்தரணிகளும் எம்மிடையே நிறையப் பேர் உள்ளனர். மோசடி எந்த ஓர் இனத்துக்கும் உரியதல்ல. காப்புறுதி நிறுவனங்களும் சொக்கத் தங்கங்கள் அல்ல. நியாயமான கோரிக்கைகளையும் இழுத்தடிப்பதுண்டு. ஆனால் ஒவ்வொரு பொய்க் கோரிக்கையும் உண்மையான நோயாளியைச் சந்தேகிக்க அவர்களுக்கு ஒரு சாட்டைக் கொடுக்கிறது. நிறுவனம் மறுத்தால் போராட வழி இருக்கிறது. 2016 ஏப்ரலில் இருந்து இத்தகைய பிணக்குகளை உரிம மேன்முறையீட்டு நியாயசபை விசாரிக்கிறது. அங்கே உங்கள் பலம் உங்கள் உண்மைதான்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை:

1. விபத்து நடந்தவுடன் மற்ற வாகனத்தையும், அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் படமெடுத்துக் குறித்து வையுங்கள். ஏழு நாட்களுக்குள் உங்கள் நிறுவனத்துக்கு நீங்களே அறிவியுங்கள்.

2. இழுவை வாகனச் சாரதிகள் மாகாணச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். கட்டணத்தைக் காட்டி, உங்கள் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். வாகனம் எங்கே போவது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

3. முதலில் குடும்ப வைத்தியரிடம் போங்கள். நோவை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

4. ஓ.சி.எஃப். 18 எனப்படும் சிகிச்சைத் திட்டப் படிவத்தை வாசித்த பின்பே ஒப்பமிட்டு, பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

5. சிகிச்சைக்குப் போன நாட்களைச் சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள். இதுவரை எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற விபரத்தை நிறுவனத்திடம் கேட்டு ஒப்பிடுங்கள்.

6. காப்புறுதி நிறுவனத்திடம் நேரடியாகப் பணம் பெறும் கிளினிக்குகள் 2014 டிசம்பரில் இருந்து மாகாண உரிமம் பெற்றிருக்க வேண்டும். எஃப்.எஸ்.ஆர்.ஏ. எனப்படும் நிதிச்சேவை ஒழுங்காணையத்தின் பட்டியலில் அதைப் பார்க்கலாம். முறைப்பாட்டையும் அங்கேயே கொடுக்கலாம்.

"தெரிஞ்ச ஆள், எப்படி மாட்டன் எண்டு சொல்லுறது?" என்ற தயக்கமே இந்த வியாபாரத்தின் மூலதனம். "வாசிச்சுப்போட்டு நாளைக்குத் தாறன்" என்று சொல்லப் பழகுவோம். நேர்மையானவர் அதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்.