தரையைத் தொட்ட பிறகும்...

சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டுவிட்டால் பயணம் பத்திரமாக முடிந்துவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். வாலில் சக்கரம் கொண்ட சிறிய விமானத்தை ஓட்டும் விமானிக்கோ உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்குகிறது.

இவ்வகை விமானம் நமக்குப் புதிதன்று. டைகர் மாத், பெங்களூரில் உருவாகி 1951-ல் முதன்முதலாகப் பறந்த ஹெச்டி-2, 1958-ல் பறந்த புஷ்பக் ஆகிய அனைத்தும் வால் சக்கர விமானங்களே. நமது விமானிகளில் ஒரு தலைமுறையினர் இவற்றில்தான் பறக்கக் கற்றனர்.

இவ்விமானங்களில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்திருக்கிறது. குறுக்குக் காற்றில் விமானம் சற்றே திரும்பினாலும், பின்னால் இருக்கும் எடை அந்தத் திருப்பத்தை மேலும் பெரிதாக்குகிறது. வேகம் குறையக் குறைய, வாலில் உள்ள சுக்கானின் பிடியும் தளர்கிறது. விநாடிப்பொழுது தாமதித்தாலும் விமானம் ஓடுபாதையிலேயே சுழன்று, இறக்கை தரையில் உரச, சக்கரத் தாங்கிகள் முறிய நேரிடும். மூக்குச் சக்கரம் கொண்ட விமானத்தில் எடையின் மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், அது தானே நேர்கோட்டுக்குத் திரும்ப முயல்கிறது.

இன்றைய பயிற்சி மாணவர்களில் பெரும்பாலோர் செஸ்னா 172 போன்ற மூக்குச் சக்கர விமானங்களில்தான் பயில்கின்றனர். இது வரவேற்கத்தக்க பாதுகாப்பே. ஆனால், விமானம் பொறுத்துக்கொள்கிறது என்பதற்காக, கால்களால் சுக்கானை ஆளும் பயிற்சியில் அலட்சியம் கூடாது. பலத்த குறுக்குக் காற்று எந்த விமானத்தையும் ஓடுபாதையை விட்டு விலக்கிவிடக்கூடும்.

அமெரிக்காவில், 1991 ஏப்ரல் 15-க்கு முன்பு வால் சக்கர விமானத்தைத் தலைமை விமானியாக இயக்கியிராத எவரும், குறுக்குக் காற்றில் தரையிறங்குவதிலும், தரையிறங்காமல் மீண்டும் மேலெழுவதிலும் தனிப் பயிற்சி பெற்று, பயிற்சியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். பறந்த மணிக்கணக்கு மட்டும் அங்கே போதுமானதாகக் கருதப்படுவதில்லை.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை விரைந்து முடிக்கும் அவசரத்தில், காற்று அமைதியாக உள்ள வேளைகளை மட்டுமே பயிற்சி நிறுவனங்கள் தேர்ந்தெடுத்தால், மாணவர் கைக்குக் கிடைப்பது உரிமம்தானே தவிர திறமை அல்ல.

விபத்து நேர்ந்தபின் 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள அவருக்குக் கற்றுத் தரப்பட்டதா என்பதல்லவா முதல் கேள்வி? பயிற்சியாளர் உடனிருக்க, அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் குறுக்குக் காற்றில் தரையிறங்கும் திறனை நேரில் சோதித்துப் பதிவு செய்வதை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கண்டிப்புடன் உறுதி செய்ய வேண்டும். நிலைமை கைமீறுவதற்கு முன் மீண்டும் மேலெழும் மாணவரைக் கண்டிக்காமல் பாராட்டும் மனப்பாங்கும் பயிற்சி நிறுவனங்களில் வளர வேண்டும்.

முறிந்த இறக்கையை மாற்றிவிடலாம். இளம் விமானியின் உயிருக்கு மாற்று இல்லை.