தலைமையாசிரியரின் நேர்மையும் ஆசிரியரின் மனமும்

தேவிகாபுரத்திலும் ஆரணியைச் சுற்றியுள்ள மற்றப் பட்டு நெசவு ஊர்களிலும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்செழும்போது, சம்பளம் தருவது சர்க்கார், இடமாறுதல் தருவது கலந்தாய்வு, ஆகையால் தலைமையாசிரியர் தர்மவானாயினும் அல்லாதவராயினும் ஆசிரியரின் க்ஷேமத்துக்கு அதனால் கூடுதலோ குறைவோ இல்லை என்ற அபிப்பிராயம் முடிந்த முடிவாகச் சொல்லப்படுகிறது. இது அடியோடு பிழை.

சம்பளம் வந்துவிட்டால் மனம் நிறைந்துவிடும் என்பது முதல் வாதம். இதற்கு மறுமொழி நெசவாளரிடமே உண்டு. பட்டை நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையை நிறுத்து வாங்கும் முதலாளிகள் இருவர் ஒரே கூலி தந்தாலும், தராசில் நியாயம் தவறாதவரிடம் வேலை செய்பவரின் மன நிம்மதி மற்றவரிடம் இருப்பவருக்கு வாய்ப்பதில்லை.

தலைமையாசிரியருக்கு அதிகாரமே இல்லை என்பது இரண்டாவது வாதம். ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு விதியில் இருந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நிற்கும் ஆசிரியையிடம் முகம் சுளிக்காமல் கையெழுத்திடுவதும், இழுத்தடித்துக் கெஞ்ச வைப்பதும் அவர் செயலே. பாடவேளை அட்டவணை வகுப்பதும், வராதவரின் வகுப்பை யார் தலையில் ஏற்றுவது என்று தீர்மானிப்பதும், பணிப்பதிவேட்டில் உரிய காலத்தில் பதிவு செய்வதும் அவர் பொறுப்பே. வேண்டியவருக்குக் காலி வேளையும் வாய் பேசாதவருக்கு உபரி வேலையும் என்ற பட்சபாதம் ஒரு பருவம் நீடித்தால் போதும்; சிரத்தையுள்ள ஆசிரியரும் மணி அடிப்பதை எதிர்பார்த்து உட்காருபவராகிவிடுவார்.

பயமிருந்தால்தான் தேர்ச்சி விகிதம் ஏறும் என்பது மூன்றாவது வாதம். மிகுந்த தீங்கு விளைவிப்பதும் இதுவே. 2017-ல் தமிழக அரசு பொதுத்தேர்வுகளில் தரவரிசை அறிவிப்பதைக் கைவிட்டும் இந்த எண்ணம் ஒழியவில்லை. பயம் விளைவிக்கும் தீங்கைப் பாருங்கள்: நெசவு ஊரில் முகூர்த்த காலத்துக்கு முன் தறி வேலை மிகும்போது பிள்ளைகளின் கையும் தேவைப்படுகிறது. 2016-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்கிறதே தவிர, பள்ளியை விட்டு நிற்கலாம் என்று சொல்லவில்லை. வகுப்பில் ஐந்து பிள்ளைகளைக் காணோம் என்று ஆசிரியர் உள்ளபடி உரைத்தால், "உன் குற்றம்" என்று சீறும் தலைமையின் கீழ், அடுத்த வாரம் வருகைப் பதிவேடு பொய் பேசும்; "வாருங்கள், வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்" என்று உடன் புறப்படும் தலைமையின் கீழ் பிள்ளை வகுப்புக்குத் திரும்ப வழி பிறக்கும். பிரவுன், திரெவினோ, ஹாரிசன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, தலைவரின் நேர்மையோடு ஊழியரின் பணித்திருப்தியும், குறைகளை மேலிடத்துக்குச் சொல்லும் துணிவும் சேர்ந்து காணப்படுவதைக் காட்டிற்று. அது பள்ளிகளைப் பற்றியதன்று. எனினும் உண்மை சொல்லத் துணிவு மிக வேண்டிய இடம் பள்ளியே என்பதால் இங்கு முழுதும் பொருந்தும்.

நற்குணம் பிறவியில் வருவது, உத்தரவால் வராது என்பது எஞ்சிய வாதம். குணம் வராது போகலாம். நியாயமான நடைமுறை வரும். உபரி வகுப்புகளை முறைவைத்துப் பகிர்ந்து அட்டவணையை எல்லாரும் காண ஒட்டுவதற்கும், விடுப்பை மறுத்தால் காரணம் எழுதுவதற்கும் மகாத்மாவாக இருக்க வேண்டியதில்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோர். அதில் அமர்ந்திருக்கும் நெசவாளப் பெற்றோர்களே, தேர்ச்சி விகிதத்தைக் கேட்பதற்கு முன், உங்கள் பள்ளி ஆசிரியர்கள் அச்சமின்றி உண்மை பேச முடிகிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.