சுங்கம் தவிர்த்த சோழன் எங்கே?

கலிங்கம் வென்றவன் முதற் குலோத்துங்கன். ஆயினும் மக்கள் மனத்திலே அவனுக்கு நிலைத்த பட்டம் போர்க்களத்திலே கிடைத்ததன்று. போக்குவரத்துப் பாதையிலே கிடைத்தது. 'சுங்கம் தவிர்த்த சோழன்!' வழியிலே வாங்கிய வரியை விலக்கினான். ஒன்பது நூற்றாண்டுகள் உருண்டோடியும் அந்தப் பெயர் உதிரவில்லை.

அவன் ஆண்ட மண்ணிலே இன்று என்ன நடக்கிறது? சாவடியைக் கடந்தால் காசு என்பது பழைய முறையாம். விண்ணிலே சுழலும் செயற்கைக்கோள் வண்டியை விடாது பார்த்துக் கொண்டிருக்கும், ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எடு பணத்தை என்பது புதிய முறையாம்! 2024 செப்டம்பரில் மத்திய அரசு அதற்கென விதியைத் திருத்திற்று. தேசிய நெடுஞ்சாலையில் நாளொன்றுக்கு, ஒவ்வொரு திசையிலும் 20 கிலோமீட்டர் வரை கட்டணமில்லை. அதற்குமேல் ஓடிய தூரத்துக்கெல்லாம் கட்டணம். 2025 மே முதல் நாள் நாடெங்கும் வருகிறது என்ற பேச்சு எழுந்தபோது, அப்படியொரு முடிவு எடுக்கவில்லை என்று அமைச்சகம் மறுத்தது. விதி பிறந்துவிட்டது, வேளைதான் குறிக்கப்படவில்லை. வந்தபின் வருந்துவதைவிட வருமுன் வாதிடுவது நல்லதல்லவா?

"ஓடுகிறவன் தருகிறான், ஓடாதவன் தரவேண்டியதில்லை, இதைவிட நியாயம் உண்டோ?" என்று கேட்பர் கணக்கு வல்லுநர்கள். கேட்க இனிக்கிறது! ஆனால் யார் ஓடுகிறார், எதற்காக ஓடுகிறார் என்று அவர்கள் பார்ப்பதில்லை.

விடுமுறை நாளிலே குடும்பத்தோடு கொடைக்கானல் குளிர் காணச் செல்கிறார் வெள்ளைப் பலகைக் காருக்கு உரியவர். அதே சாலையிலே, கடனுக்கு வாங்கிய மஞ்சள் பலகை வண்டியிலே, ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறியை ஏற்றிச் செல்கிறார் மற்றொருவர். முன்னவருக்குத் தூரம் உல்லாசம். பின்னவருக்குத் தூரமே உலைக்கு அரிசி! இருவரில் எவருக்குச் சலுகை தருவது அறம்?

அரசு தந்த விடையைக் கேளுங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டுச் சீட்டு: அன்று 3,000 ரூபாய் கட்டினால் 200 முறை சாவடியைக் கடக்கலாம் என்றிருந்தது. முறைக்கு 15 ரூபாய்! வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சீட்டு சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டுமே. வாடகைக் கார் ஓட்டுபவருக்கு இல்லை. சரக்கு வண்டிக்காரருக்கு இல்லை. தன் மாவட்டச் சாவடியிலே பாதிக் கட்டணம் உண்டே என்பர். உண்டு, சவாரி மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறதா? புதிய விதி தரும் அந்த 20 கிலோமீட்டர் சலுகைகூடத் தேசிய பெர்மிட் வண்டிகளுக்கு இல்லை!

கட்டணமோ நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2008 விதி காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு, சிறு சரக்கு வண்டிக்கு 1 ரூபாய் 5 காசு, லாரிக்கு 2 ரூபாய் 20 காசு என்று அடிப்படை வகுத்தது. அதன்மேல் ஆண்டுதோறும் நூற்றுக்கு 3 உயர்வு. அதற்கும் மேல், மொத்த விலை ஏற்றத்திலே நூற்றுக்கு 40 பங்கு. நம் சாவடிகளிலே சிலவற்றில் ஏப்ரல் வந்தால் ஏற்றம், சிலவற்றில் செப்டம்பர் வந்தால் ஏற்றம். வண்டி வாடகை அப்படி ஏறுகிறதா? "கட்டுபடியாகாது ஐயா" என்கிறார் ஓட்டுநர். "அப்படியானால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் சரக்குக்குரியவர். உரையாடல் அத்தோடு முடிகிறது. ஓட்டுநரின் இலாபமும் அத்தோடு முடிகிறது.

இன்னொன்று கேட்போம். தூரத்துக்கு வரி இன்றுதான் புதிதாக வருகிறதா? கூடுதலாக ஓடினால் கூடுதலாக டீசல், டீசலிலே வரி. 2018 நிதிநிலை அறிக்கையிலே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 8 ரூபாய் எனச் சாலைக்கென்றே தனி வரி விதித்தார்களே, அது எதற்கு? சாலை வரி கட்டு, எண்ணெயில் கட்டு, சாவடியிலும் கட்டு என்றால், ஒரு கன்றுக்கு விடாமல் மூன்று வேளை கறப்பதாகாதோ?

பிற நாடுகளைப் பாருங்கள் என்பர். பார்ப்போம்! நியூசிலாந்து 1978 முதல் டீசல் வண்டிகளிடம் தூரக் கணக்கில் கட்டணம் வாங்குகிறது. ஆனால் அங்கே பெட்ரோலுக்குள்ள சாலை வரி டீசலுக்கு இல்லை! பெட்ரோல் வரி கட்டாத மின்சாரக் கார்களுக்கு 2024 ஏப்ரலில் 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர் என்று வைத்தனர். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலே 2015 முதல் மைல் கணக்குத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு, எரிபொருள் வரியாகத் தந்தது கழித்துத் தரப்படுகிறது. பிரிட்டன் 2028 ஏப்ரல் முதல் மைலுக்கு 3 பென்ஸ் என்று 2025 நவம்பரில் அறிவித்ததும் மின்சாரக் கார்களுக்கே. அங்கெல்லாம் இது அல்லது அது. இங்கே இதுவும் அதுவும்!

சாலை போடப் பணம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். போட்ட பணம் திரும்பிய பின்? கட்டணம் நூற்றுக்கு 40 ஆகக் குறையும் என்றது 2008 விதி. 2023 திருத்தம் அந்த நம்பிக்கையையும் பறித்தது. சாலையாவது சீராக இருக்கிறதா? மதுரவாயல் – வாலாஜாபேட்டைச் சாலையின் சீர்கேட்டைக் கண்டு, பாதிக் கட்டணமே வாங்குக என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்ததே!

ஆகவே கேட்கிறோம். தூரத்துக்குக் கட்டணம் என்றால், எண்ணெயிலுள்ள சாலை வரியை எடுங்கள். சொந்தக் காருக்குத் தந்த ஆண்டுச் சீட்டை மஞ்சள் பலகைக்கும் தாருங்கள். குழி விழுந்த சாலைக்குக் கட்டணம் கேளாதீர்கள். முதல் திரும்பிய சாலையில் கட்டணத்தைக் குறையுங்கள். சோழனைப்போல் சுங்கத்தை அறவே தவிர்க்கச் சொல்லவில்லை. உழைப்பவன் முதுகில் அதை இருமுறை ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறோம். விண்ணிலிருந்து வண்டியைக் காணும் கண்ணுக்கு, வண்டிக்குள் இருக்கும் மனிதனும் தெரியட்டும்!